முறுக்கு டின்னும் மூன்று சக்கர புல்லட்டும்

தம்பி, தங்கைகளே! மணப்பாறை என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? முறுக்கு! அடுத்தது மாட்டுச் சந்தை. எனக்கு மூன்றாவதாக இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது எங்கள் தாத்தாவின் புல்லட் மோட்டார் சைக்கிள். அதன் இடது பக்கத்தில் படகு போல ஒரு பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு ஒரு சக்கரம். ஆக மொத்தம் மூன்று சக்கரம்!

இந்தப் பெட்டிக்கு 'சைடு கார்' என்று பெயர். 1975-ல் வந்த 'ஷோலே' இந்திப் படத்தில் இரண்டு நண்பர்கள் இப்படி ஒரு வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். எங்கள் தாத்தா பாட்டெல்லாம் பாட மாட்டார். அவர் முறுக்கு வியாபாரி. சைடு காரில் டின் டின்னாக முறுக்கை அடுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் திருச்சிக்குப் போவார். சில நாள் அம்மாயியும் கூடப் போவார். திரும்பும்போது டின் காலியாக இருக்கும். அம்மாயி ராணி மாதிரி பெட்டியில் உட்கார்ந்து வருவாராம்.

தாத்தா இறந்த பிறகு வண்டியை ஓட்ட ஆள் இல்லை. மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நிறுத்தினார்கள். ஆண்டுகள் ஓடின. டயர் வெடித்தது. இருக்கையை எலி கடித்தது. சைடு காருக்குள் கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. பழைய இரும்பு வாங்குகிறவர் தராசோடு வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்தார். "எடை போட்டு எடுத்துக்கறேன் ஆத்தா" என்றார். அம்மாயி ஒன்றும் பேசவில்லை. அவருக்கு முட்டி வலி. பஸ் படி ஏற முடியாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கால் தூக்கிப் போட்டு உட்காரவும் முடியாது. வீட்டை விட்டு வெளியே போயே வெகு நாளாகிவிட்டது.

அப்போது என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திண்டுக்கல் சாலை ஓரத்தில் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷாப் வைத்திருந்தார்.

"ஆத்தா, பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் எனக்கு டயம் குடு. ஓட வச்சுக் காட்டுறேன். ஓடலைன்னா நானே காயலான் கடைக்குத் தள்ளிட்டுப் போறேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, லீவுல சும்மாதானே இருக்க? வா, கூட நில்லு."

இப்படித்தான் எனக்கு அந்த விடுமுறையில் வேலை கிடைத்தது!

முதல் ஆயுதம் பென்சில்

மறுநாள் காலை ஸ்பேனர் எடுத்து ஓடினேன். மாமா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தார்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி படம் போடு மாப்ள. எந்த ஒயர் எங்கே போகுது, எந்த வாஷர் எதுக்கு அடியில இருக்கு, எல்லாம் எழுது. பிரிக்க ஒரு நாள் போதும். சேர்க்கும்போதுதான் தெரியும் சேதி."

இன்று என்றால் செல்போனில் படம் எடுத்துவிடலாம். ஆனால் கையால் வரைந்தால் ஒரு லாபம் உண்டு. வரைய வேண்டுமானால் உற்றுப் பார்த்தாக வேண்டும்!

துருப்பிடித்த போல்ட்டுகள் அசையவே இல்லை. மாமா பலம் காட்டவில்லை. டீசலும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் சொட்டு விட்டார். இரண்டு நாள் ஊறியது. துருவுக்குள் எண்ணெய் இறங்கிய பிறகு, ஸ்பேனரால் மெல்ல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். போல்ட் தானாக வழிவிட்டது. முரட்டுத்தனமாகத் திருப்பியிருந்தால் தலை ஒடிந்து, உடல் உள்ளேயே சிக்கியிருக்கும்.

கழற்றிய சாமான்களை எதில் போடுவது? தாத்தாவின் பழைய முறுக்கு டின்கள் இருந்தன! ஒவ்வொரு டின்னிலும் ஒரு சீட்டு: 'முன் சக்கரம்', 'கார்புரேட்டர்', 'கியர் பெட்டி', 'சைடு கார்'. மொத்தம் பதினான்கு டின்.

மதராஸ் புல்லட்

இந்த புல்லட் பிறந்த கதையைக் கேளுங்கள். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்து நாட்டுக் கம்பெனி. ரெட்டிச் என்ற ஊரில் அதன் ஆலை இருந்தது. 1901-ல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 'புல்லட்' என்ற பெயர் 1932-ல் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, எல்லையைக் காவல் காக்க நம் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' நிறுவனத்திடம் 800 புல்லட்டுகள் கேட்டார்கள். அவை 1953-ல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கின. மலைப் பாதையிலும் மணலிலும் தாக்குப்பிடித்தன. அப்புறம் என்ன? 1955-ல் இரு நிறுவனங்களும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956-ல் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்தன. நம் தொழிலாளர்கள் அவற்றைப் பூட்டி வண்டியாக்கினார்கள். அந்த ஆண்டு 163 வண்டிகள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, பாகங்களையும் இங்கேயே செய்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. இங்கிலாந்தில் வியாபாரம் படுத்துவிட்டது. ரெட்டிச் ஆலையை 1967-ல் மூடினார்கள். 1970-ல் அந்த நாட்டு ராயல் என்ஃபீல்டு அடியோடு நின்றுபோனது. ஆனால் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை! 1977-ல் இங்கிருந்தே புல்லட்டைக் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு விற்கத் தொடங்கினார்கள். அப்பா வீட்டில் அணைந்த அடுப்பைப் பிள்ளை தன் வீட்டில் அணையாமல் காத்தது போல!

எங்கள் தாத்தா வண்டி பிழைத்ததற்கும் இதுதான் காரணம். பல பழைய வெளிநாட்டு வண்டிகளுக்கு ஒரு சின்ன வாஷர்கூடக் கிடைக்காது. புல்லட்டின் பழைய எஞ்சின் ஏறக்குறைய அதே வடிவில் 2010 வரை தயாரானது. திருச்சிக் கடைகளில் பாகங்கள் கிடைத்தன.

உறிஞ்சு, அமுக்கு, வெடி, தள்ளு

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. கிக்கரில் ஏறி நின்றாலும் இறங்கவில்லை. மாமா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஆயில் ஊற்றினார். நான்கு நாள் விட்டுவிட்டோம். பிறகு கியர் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். 'டொக்'! பிஸ்டன் அசைந்துவிட்டது.

மேல் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார் மாமா. இரும்புக் குழாய் போன்ற சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டன்.

"இதுக்கு நாலு வேலைதான் மாப்ள. கீழே எறங்கும்போது பெட்ரோல் கலந்த காத்தை உறிஞ்சும். மேலே வரும்போது அமுக்கும். பிளக் பொறி விட்டதும் வெடிக்கும், பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி மேலே வந்து புகையை வெளியே தள்ளும். அவ்வளவுதான்."

உங்களுக்கு ஒரு கணக்கு! இந்த சிலிண்டரின் விட்டம் 7 செ.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் உயரம் 9 செ.மீ. உருளையின் கன அளவைக் கண்டுபிடியுங்கள். ஆரம் 3.5. அதை அதனாலேயே பெருக்கினால் 12.25. அதை 22/7-ஆல் பெருக்கினால் 38.5. உயரம் 9-ஆல் பெருக்கினால் 346.5. புல்லட்டை '350 சி.சி.' என்கிறார்களே, அது இந்தக் கணக்குதான். 'சி.சி.' என்றால் கன சென்டிமீட்டர்.

சிலிண்டரின் உள்சுவரில் துரு அரித்திருந்தது. திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, முடி அளவுக்குக் கடைந்து வழவழப்பாக்கி, சற்றுப் பெரிய பிஸ்டன் போட்டோம்.

பெட்ரோல் டேங்கிலும் துரு. கையை உள்ளே விட முடியாதே? மாமா ஒரு பிடி சின்னக் கூழாங்கற்களைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, டேங்கைக் குலுக்கச் சொன்னார். ஒரு நாள் முழுக்கக் குலுக்கினேன். கொட்டியபோது தேநீர் நிறத்தில் துரு வந்தது! கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகியிருந்தது. பெட்ரோல் வரும் துளை ஊசி முனை அளவுதான். அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் அளவு கெட்டுவிடும். ஊற வைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்தோம்.

நான் செய்த தப்பு

மூன்றாவது வாரம். மாமா சாப்பிடப் போயிருந்தார். டின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கால் தட்டி இரண்டு டின் கவிழ்ந்தது. நட்டும் போல்ட்டும் கலந்துவிட்டன. பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருந்தன. அவசரமாக அள்ளிப் பாதிப் பாதியாகப் போட்டுவிட்டேன்.

பழைய புல்லட்டில் ஒரு சங்கதி உண்டு. அது ஆங்கிலேயர் காலத்து வடிவமைப்பு. அதில் மூன்று நான்கு வகை மரைகள் இருக்கும். மரை என்றால் போல்ட்டில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் வரி. ஒரு வகை போல்ட்டில் வேறு வகை நட்டு முதல் இரண்டு சுற்று ஏறும். அப்புறம் இறுகும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் மரை அழிந்துவிடும்.

நான் பலம் கொடுத்தேன்! சைடு காரை வண்டியோடு இணைக்கும் நான்கு போல்ட்டுகளில், முன்பக்கம் கீழே இருப்பது அது. 'கிரீச்' என்றது. நட்டு உட்கார்ந்துவிட்டது. பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மேலே கிரீஸைத் தடவி மறைத்துவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மாமா ஒரு கதை சொன்னார். கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். 1893-ல் அங்கே பிறந்தவர் ஜி.டி. நாயுடு. இளைஞராக இருந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். பணம் சேர்த்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? பாகம் பாகமாகப் பிரித்தார். மறுபடி தானே பூட்டினார்! சொல்லித்தரப் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த வண்டிதான் அவருக்கு வாத்தியார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டினார். பிறகு எத்தனையோ கருவிகளைக் கண்டுபிடித்தார்.

"பிரிச்சவங்க ஊர்ல நூறு பேரு இருப்பாங்க மாப்ள. ஒழுங்காச் சேர்த்தவருதான் ஜி.டி. நாயுடு" என்றார் மாமா.

எனக்குத் தொண்டையில் முறுக்குத் துண்டு சிக்கியது போல இருந்தது.

சோம்பேறி மாடு

இப்போது சைடு காருக்கு வருவோம். பிரான்சில் 1893-ல் ஒரு பத்திரிகை, சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிச் செல்லச் சிறந்த வழி சொல்பவருக்குப் பரிசு அறிவித்தது. பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு இருக்கை இணைத்தவர் பரிசு பெற்றார். விரைவிலேயே அது மோட்டார் சைக்கிளுக்கும் தாவியது. கார் வாங்க வசதி இல்லாத குடும்பங்களுக்கு இதுதான் கார்! இரண்டு உலகப் போர்களிலும் வீரர்கள் இதில் சென்றார்கள். இங்கிலாந்தில் 1922-ல் இரண்டு இளைஞர்கள் 'ஸ்வாலோ' என்ற பெயரில் சைடு கார் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் 'ஜாகுவார்' கார் கம்பெனியாக வளர்ந்தது!

நம் நாட்டில் சைடு கார் ஏன் இடது பக்கம்? நாம் சாலையில் இடது ஓரமாகப் போகிறோம். பெட்டியில் இருப்பவர் எதிரே வரும் வண்டிகளுக்குத் தள்ளி இருக்க வேண்டும் அல்லவா? வலது பக்கம் போகும் ஜெர்மனி போன்ற நாடுகளில் சைடு காரும் வலது பக்கம்தான்.

இதை ஓட்டுவது சாதாரண மோட்டார் சைக்கிள் ஓட்டுவது போல அல்ல. மணப்பாறைக்காரராயிற்றே, மாமா மாட்டை வைத்தே விளக்கினார்.

"ரெட்டை மாட்டு வண்டியில வலது மாடு மட்டும் இழுக்குது, இடது மாடு சோம்பேறின்னு வச்சுக்க. வலது மாடு வேகமா இழுத்தா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?"

"சோம்பேறி மாட்டுப் பக்கம். இடது பக்கம்!"

"அதேதான். புல்லட்ல எஞ்சின் இருக்கு. சைடு கார்ல இல்லை. வேகம் கூட்டினா வண்டி இடது பக்கம் இழுக்கும். பிரேக் புடிச்சா?"

புல்லட் நிற்கும். பிரேக் இல்லாத சைடு கார் முன்னே ஓடப் பார்க்கும். அப்போது வண்டி வலது பக்கம் இழுக்கும்!

இன்னொன்று. இரண்டு சக்கர வண்டியை வளைவில் சாய்த்துத் திருப்புவோம். இதைச் சாய்க்க முடியாது. பஸ் இடது பக்கம் திரும்பும்போது நாம் வலது பக்கம் சாய்கிறோம் அல்லவா? அதே போல வேகமாக இடது பக்கம் திரும்பினால், காலியாக இருக்கும் சைடு கார் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் ஆள் இல்லாதபோது அதில் எடை வைப்பார்கள். தாத்தாவின் காலி டின்களோடு அம்மாயி ஏன் உட்கார்ந்து வந்தார் என்று இப்போது புரிகிறதா?

சைடு காரைப் பூட்டும்போது அளவு மிக முக்கியம். வளையாத இரண்டு நீளச் சட்டங்களை எடுத்தோம். ஒன்றை புல்லட்டின் இரு சக்கரங்களை ஒட்டி வைத்தோம். இன்னொன்றை சைடு கார் சக்கரத்தை ஒட்டி வைத்தோம். இரண்டு சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, பின்னால் இருப்பதை விட முன்னால் அரை அங்குலம் குறைவாக இருக்கும்படி சரி செய்தார் மாமா. அதாவது சைடு கார் சக்கரம் மூக்கைக் கொஞ்சம் உள்ளே திருப்பிப் பார்க்க வேண்டும். புல்லட் சைடு காரை விட்டு வெளிப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் வண்டி ஓரமாக இழுக்காமல் நேராகப் போகும். அளவு தப்பினால் கையும் வலிக்கும், டயரும் தேயும்.

டுப்... டுப்... டுப்...

பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தது. எலி கடித்த ஒயர்களை மாற்றியாயிற்று. புது டயர், புது பேட்டரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு பெயின்ட் அடித்தாயிற்று. டேங்கின் பக்கத்துத் தங்க நிறக் கோட்டை மட்டும் மாமா தொடவில்லை. "அது உங்க தாத்தா பார்த்த கோடு" என்றார்.

பழைய புல்லட்டைக் கிளப்ப ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், விளக்குக்கு மேலே உள்ள மீட்டரின் முள் அசையும். அது நடுவுக்கு வந்தால் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே சின்ன லீவரை இழுத்து உள்ளே அடைபட்ட காற்றை விட்டு, கிக்கரை இன்னும் ஒரு விரல் நகர்த்த வேண்டும். பிறகு லீவரை விட்டுவிட்டு, ஒரே மிதி! முறை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும்.

முதல் மிதி: சத்தமில்லை. ஏழாவது மிதி: ஒரு இருமல். பதினோராவது மிதி... டுப்... டுப்... டுப்! அம்மாயி திண்ணையில் எழுந்து நின்றுவிட்டார். கோழிகள் சிதறி ஓடின.

"நாளைக்கு மணல் மூட்டை வச்சு ஓட்டிப் பாக்குறேன். சரியா இருந்தா நாளன்னைக்கு ஆத்தாவை ஏத்திக்கிட்டுத் திருச்சிக்கு" என்றார் மாமா.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் போல்ட் தெரிந்தது. அம்மாயி அந்தப் பெட்டியில் உட்காருவார். சாலையில் லாரிகள் வரும். ஒரு குழியில் இறங்கினால்?

எழுந்து மாமாவிடம் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். "மாமா... சைடு காரோட முன் போல்ட்டு... நான்தான் மரையை அழிச்சுட்டேன். சொல்லாம மறைச்சுட்டேன்."

அடி விழும் என்று நினைத்தேன். மாமா எழுந்து விளக்கை எடுத்து வந்தார். ஸ்பேனர் போட்டார். நட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. இறுகவே இல்லை. கையாலேயே கழன்று வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வெகு நேரம் பேசவில்லை.

பிறகு சொன்னார்: "மாப்ள, தப்பு செய்யாத மெக்கானிக் கிடையாது. தப்பை மறைக்கிறவன் மெக்கானிக் கிடையாது."

மறுநாள் வண்டி ஓடவில்லை. பதினான்கு டின்களின் வேலையையும் மறுபடி பார்த்தோம். நோட்டில் உள்ள படத்தோடு ஒவ்வொரு நட்டையும் ஒப்பிட்டோம். தப்பாகப் போன இன்னும் இரண்டு நட்டுகள் கிடைத்தன. முன் போல்ட்டை லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கினோம். நான்கு போல்ட்டுகளையும் நானே பூட்டினேன். மாமா சரி பார்த்தார். அதற்கு அடுத்த நாள் மணல் மூட்டை சைடு காரில் ஏறிச் சந்தை வரை போய் வந்தது.

பள்ளி திறக்கும் நாள் காலையில், அம்மாயி புதுப் புடவை கட்டிக்கொண்டு சைடு காரில் உட்கார்ந்தார். காலைத் தூக்க வேண்டியதில்லை. நாற்காலியில் உட்காருவது போலத்தான். மடியில் ஒரு முறுக்கு டின். நான் பைக்கட்டோடு மாமாவுக்குப் பின்னால். என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் இருவரும் திருச்சிப் பக்கம் திரும்பினார்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் என் காதில் 'டுப்... டுப்' கேட்டுக்கொண்டே இருந்தது.

வண்டியைக் காப்பது எப்படி?

புதுப்பிப்பது ஒரு விடுமுறை வேலை. பராமரிப்பது ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. மாமாவின் பட்டியல் இது:

வாரம் ஒரு முறையாவது எஞ்சினைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். நின்றே இருந்தால் துருதான் குடியேறும். ஆயில் அளவையும் டயர் காற்றையும் பார்க்க வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் சைடு காரின் நான்கு போல்ட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது!

காகிதங்களும் முக்கியம். சைடு கார் இணைத்திருப்பது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் பலகை கிடைக்கும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலைக்குக் கொண்டு வரலாம்.

பழைய வண்டிகளைக் கண்ணாரக் காண ஆசையா? கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரைத் தாங்கிய கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். விடுமுறையில் பெற்றோரோடு போய்ப் பாருங்கள்.

நீங்களும் மெக்கானிக் ஆகலாம்!

மோட்டார் சைக்கிள் ஓட்ட உங்களுக்கு இன்னும் வயது வரவில்லை. பெட்ரோலையும் நெருப்பையும் பெரியவர்கள் இல்லாமல் தொடவே கூடாது. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது; அந்தப் புகை உயிரையே பறிக்கும்.

ஆனால் உங்கள் வீட்டில் சைக்கிள் இருக்குமே! இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செயினையும் பிரேக்கையும் பார்த்துப் படம் போடுங்கள். பிறகு அப்பாவையோ அண்ணனையோ கூட வைத்துக்கொண்டு, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய நட்டுகளைப் போட ஒரு டின் வைத்துக்கொள்ளுங்கள்.

டின் கவிழ்ந்துவிட்டால்? உடனே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும்!